நீதிபதிக்கு வாத்தியார் தேடும் மேசை

தென்னாப்பிரிக்காவின் டர்பனை ஒட்டிய சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு பெண்பிள்ளை கேட்டிருக்கிறாள். பொது நிர்வாகத்தில் டிப்ளமா முடித்தவள், இரண்டு வருடமாக ஒரு வக்கீல் அலுவலகத்தில் ரிசப்ஷனில் இருக்கிறாள். நீதிபதிகளுக்குப் பயிற்சி தருபவர்களைத் திரட்டும் பிரிவில் அலுவலக உதவியாளர் பதவிக்கு விளம்பரம் பார்த்தாளாம். "அங்கிள், நீதிபதிக்கே யார் பாடம் எடுப்பார்கள்? அதில் எனக்கு என்ன வேலை இருக்கும்? சட்டம் படிக்காதவள் போகலாமா? அம்மா இது வெறும் டைப்பிங் வேலை என்கிறார்." இவ்வளவுதான் கேள்வி.

அம்மா சொல்வதில் பாதி சரி. டைப்பிங் இருக்கிறது, நிறையவே இருக்கிறது. மீதிப் பாதியை நான் சொல்கிறேன். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் நீதிமன்றக் குமாஸ்தாவாகச் சேர்ந்து, ஃபைல் வண்டி தள்ளி, சம்மன் அடித்து, வேலையின் கடைசிப் பத்து வருடத்தைப் பயிற்சிப் பிரிவு ஒன்றில் கழித்தவன் நான். நீ கேட்கும் மேசைக்கு எதிர் மேசைக்காரன் என்று வைத்துக்கொள்.

நீதிபதிக்குப் பாடம் எடுப்பவர் பெரும்பாலும் இன்னொரு நீதிபதிதான். ஓய்வு பெற்ற நீதிபதிகள், பல வருடம் பெஞ்சில் உட்கார்ந்த மாஜிஸ்திரேட்டுகள், அப்புறம் தேவைக்கு ஏற்ப சட்டப் பேராசிரியர், மூத்த வழக்கறிஞர், தடயவியல் மருத்துவர், குழந்தைகளோடு வேலை செய்யும் சமூகப் பணியாளர். வெளியாட்கள் வரலாம். ஆனால் பாடத்தின் கடிவாளம் நீதித்துறையின் கையில் இருக்க வேண்டும். இது நம் ஊர் வழக்கம் மட்டுமில்லை. நீதித்துறைப் பயிற்சிக்கான சர்வதேச அமைப்பு 2017 நவம்பரில் மணிலாவில் ஏற்றுக்கொண்ட 10 கோட்பாடுகளிலும் இது இருக்கிறது. அந்த அமைப்பின் அடுத்த மாநாடு 2019ல் நம் கேப்டவுனில்தான் நடந்தது.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், பழைய கதை கொஞ்சம் தெரிய வேண்டும். 1993ல் மாஜிஸ்திரேட்டுகள் சட்டம் வரும்வரை நம் நாட்டு மாஜிஸ்திரேட்டுகள் சாதாரண அரசு ஊழியர்கள். கறுப்பர்கள் அனுமதிச் சீட்டு இல்லாமல் நடமாடக் கூடாது என்ற பாஸ் சட்டத்தில் ஆளைப் பிடித்ததும் அரசு, அவனை விசாரித்தவரும் அரசுச் சம்பளக்காரர், அவருக்குப் பயிற்சி கொடுத்ததும் அரசு. பயிற்சியை நடத்தியது நீதி அமைச்சகத்தின் கீழிருந்த ஜஸ்டிஸ் காலேஜ். உயர் நீதிமன்ற நீதிபதிகளுக்கோ பயிற்சி என்ற பேச்சே கிடையாது. மூத்த வழக்கறிஞர்களிலிருந்து, அதாவது கிட்டத்தட்ட எல்லோரும் வெள்ளைக்கார ஆண்களாக இருந்த ஒரு சின்னக் கூட்டத்திலிருந்து எடுப்பார்கள். பாதி வாழ்க்கையை நீதிமன்றத்திலேயே கழித்தவருக்கு என்ன பாடம் என்று கேட்பார்கள்.

1994ல் நிறவெறி ஆட்சி முடிந்த பிறகு அந்தக் கதவு திறந்தது. நம் டர்பன் பிள்ளை நவநீதம் பிள்ளை, பஸ் டிரைவர் மகள், 1967ல் நேட்டால் மாகாணத்தில் சொந்தமாக வக்கீல் அலுவலகம் திறந்த, வெள்ளையரல்லாத முதல் பெண். 1995ல் உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக உட்கார்ந்தார். நிறத்தின் பேரால் வைத்த தடையால், நீதிபதியின் அறைக்குள் அவர் முதன்முதலாகக் காலெடுத்து வைத்ததே அது தன் சொந்த அறையான அன்றுதான். அவரே இதைப் பல இடங்களில் சொல்லியிருக்கிறார். இப்படி அட்டர்னிகள் (கட்சிக்காரரோடு நேரடியாகப் பேசி வழக்கைத் தயார் செய்யும் வக்கீல்கள்), பேராசிரியர்கள், மாஜிஸ்திரேட்டுகள் என்று பல வழிகளில் ஆட்கள் பெஞ்சுக்கு வரத் தொடங்கியதும் பயிற்சி வேண்டும் என்று ஆனது. சட்டம் தெரியாதவர்கள் என்பதால் இல்லை. அட்டர்னியாக முப்பது வருடம் இருந்தவருக்குத் தீர்ப்பு எழுதிப் பழக்கம் இருக்காது. பேராசிரியருக்கு நாற்பது வழக்குள்ள ஒரு நாள் பட்டியலை எப்படி ஓட்டுவது என்று தெரியாது.

அரசியல் சட்டத்தின் 180ஆம் பிரிவு நீதித்துறையினருக்கான பயிற்சிக்குத் தனிச் சட்டம் போட இடம் கொடுத்தது. அதன்படி 2008ஆம் ஆண்டின் 14ஆம் எண் சட்டத்தில் தென்னாப்பிரிக்க நீதித்துறைக் கல்வி நிறுவனம் உருவானது. 2012 ஜனவரியில் வேலையைத் தொடங்கியது. தலைமை நீதிபதியின் அலுவலகத்தோடு சேர்ந்தது, ஜோகன்னஸ்பர்க்குக்கும் பிரிட்டோரியாவுக்கும் நடுவே மிட்ராண்டில் இருக்கிறது. அதன் ஆட்சிக் குழுவுக்குத் தலைமை நீதிபதியே தலைவர்; 2024 செப்டம்பரிலிருந்து மண்டிசா மாயா, அந்த நாற்காலியில் அமர்ந்த முதல் பெண். நீதிமன்றங்களில் அதிகம் வழக்காடும் கட்சிக்காரர் அரசாங்கம்தான். தன் வழக்கை விசாரிப்பவருக்குத் தானே வாத்தியார் அனுப்பக் கூடாது இல்லையா? யார் அந்த வகுப்பறையின் முன்னால் நிற்கிறார் என்ற கேள்வியில்தான் எல்லாம் இருக்கிறது. நீ விண்ணப்பிக்கப் போகும் மேசை அந்தக் கேள்விக்கான காகிதங்களை வைத்திருக்கும் மேசை.

சரி, வேலைக்கு வருவோம். விளம்பரத்தில் ஆட்சேர்ப்பு என்று இருப்பதைப் பார்த்து, ஆளை எடுத்துச் சம்பளப் பட்டியலில் சேர்த்துவிட்டால் முடிந்தது என்று நினைக்காதே. நிறுவனத்தின் சொந்தப் பயிற்றுநர்கள் கொஞ்சம் பேர்தான். மற்றவர்கள் இரண்டு நாள், மூன்று நாள் வந்து போகிறவர்கள். கல்யாணச் சமையலுக்கு ஆள் பிடிப்பது மாதிரி. போன கல்யாணத்துக்கு அருமையாக பிரியாணி கிண்டியவர் இந்தக் கல்யாணத் தேதிக்குக் கிடைப்பாரா என்று ஒவ்வொரு தடவையும் கேட்க வேண்டும். அதனால் இந்த ஆட்சேர்ப்பு வருடம் முழுக்க ஓடும்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். குடும்ப வன்முறைச் சட்டத்தின் திருத்தம் 2023 ஏப்ரல் 14 அன்று அமலுக்கு வந்தது. பாதுகாப்பு ஆணைக்கு இணையம் வழியாக விண்ணப்பிக்கலாம் என்று வந்தது, வன்முறை என்பதன் விளக்கமும் விரிந்தது. நாடு முழுக்க மாஜிஸ்திரேட்டுகளுக்குச் சொல்லியாக வேண்டும். இந்த மாதிரி நேரத்தில் ஒரு மூன்று நாள் வகுப்புக்கு என்னென்ன நடக்கும் தெரியுமா? பாடத் திட்டம் போடுகிறவர்கள், "குடும்ப நீதிமன்ற அனுபவம் உள்ள இரண்டு மாஜிஸ்திரேட்டுகள், ஒரு சமூகப் பணியாளர், ஒரு ஓய்வு பெற்ற நீதிபதி வேண்டும்" என்பார்கள். நீ பயிற்றுநர் பட்டியலைத் திறந்து, இந்தத் தலைப்பில் எடுத்தவர்கள் யார், கடைசியாக எப்போது எடுத்தார்கள், போன தடவை பின்னூட்டம் எப்படி என்று ஒரு பக்கத்தில் தொகுத்துக் கொடுக்க வேண்டும். பட்டியலில் ஆள் போதாவிட்டால் நீதிமன்றத் தலைவர்களுக்குப் பெயர் கேட்டுச் சுற்றறிக்கை போகும். வந்த பெயர்களுக்குத் தகுதிப் படிவம், சுயவிவரம், சம்மதக் கடிதம். தேர்வுக் கூட்டத்துக்குக் கோப்பு, கூட்டத்தில் குறிப்பெடுப்பது. தேர்வானவருக்கு அழைப்பு, தேர்வாகாதவருக்கு மரியாதையான ஒரு கடிதம். அந்தக் கடிதம் பெரும்பாலான அலுவலகங்களில் போகவே போகாது. நீ அனுப்பு. இந்த வருடம் வேண்டாம் என்றவரிடம் அடுத்த வருடம் கெஞ்ச வேண்டி வரும்.

இதில் எல்லோரும் சறுக்குவது விடுவிப்புக் கடிதத்தில். மாஜிஸ்திரேட் ஒருவர் பாடம் எடுக்கச் சம்மதித்தால் போதாது. அந்த நாட்களில் அவரை நீதிமன்றப் பணியிலிருந்து விடுவிக்கிறோம் என்று அவருடைய தலைமை மாஜிஸ்திரேட் எழுதிக் கொடுக்க வேண்டும். நான் சேர்ந்த இரண்டாம் வருடம், ஒருவர் போனில் "வருகிறேன், பிரச்சினை இல்லை" என்றார். நானும் டிக்கெட் போட்டுவிட்டேன், கடிதத்துக்குக் காத்திருக்கவில்லை. அவருடைய கோர்ட்டில் பாதி விசாரணையில் ஒரு வழக்கு நின்றிருந்தது. சாட்சி ஒருவர் சொன்ன தேதியில் கிராமத்திலிருந்து மூன்று டாக்ஸி மாறி வந்து உட்கார்ந்திருக்கிறார். குற்றம் சாட்டப்பட்டவரோ ஜாமீன் இல்லாமல் உள்ளே இருந்த பையன். மாஜிஸ்திரேட் இங்கே வகுப்பில். பாதி கேட்ட வழக்கை வேறொருவர் எடுத்து நடத்தவும் முடியாது. வழக்கு ஐந்து வாரம் தள்ளிப் போனது. யாரும் என்னைத் திட்டவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. "உங்கள் நாள்காட்டியில் பாதியில் நிற்கும் வழக்கு ஏதாவது உண்டா?" என்ற ஒரு வரியை மறுநாளே சம்மதப் படிவத்தில் சேர்த்தேன். ஓய்வு பெறும்வரை அந்த வரி அங்கேயே இருந்தது.

உயர் நீதிமன்ற நீதிபதிகளுக்கான வகுப்புகளை முடிந்தவரை நீதிமன்ற விடுமுறையில் வைப்பதும் இதனால்தான். நாள்காட்டியில் நீதிமன்றப் பருவங்கள் எப்போது தொடங்கி எப்போது முடிகின்றன என்பதை, காவடி எந்த மாதம் என்பதைப் போல மனப்பாடமாக வைத்துக்கொள்.

அப்புறம் பெயர்கள். நம் ஆட்களைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டாம். நாயுடு, கோவேந்தர், பிள்ளை, மூட்லி, செட்டி. குவாசுலு-நேட்டாலில் ஒரு பட்டியலை எடுத்தால் அதில் உள்ள நம் ஆட்களில் நிறையப் பேருக்கு இந்த ஐந்து பெயர்தான். ஒரே முதலெழுத்தோடு இரண்டு நாயுடு இருந்து, ஒருவருடைய பின்னூட்ட அறிக்கை இன்னொருவருக்குப் போய்ச் சேர்ந்த கதையும் என் கணக்கில் உண்டு. நல்லவேளை, அறிக்கை பாராட்டாக இருந்தது. பதிமூன்று இலக்க அடையாள எண்ணை வைத்துத்தான் ஆளைப் பிரித்தறிய வேண்டும், பெயரை வைத்து இல்லை. ஆனால் அந்த எண் உன் கோப்பில் மட்டும் இருக்கட்டும். பத்துப் பேருக்கு அனுப்பும் பட்டியலில் அதையும் சேர்த்து அனுப்பினால் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், 2013ஆம் ஆண்டின் 4ஆம் எண், உன் தலையில் விடியும். நீதிபதியின் வீட்டு முகவரியும் போன் நம்பரும் வெளியே போவது சாதாரணத் தவறு இல்லை. அவர் சிறைக்கு அனுப்பியவர்கள் எத்தனை பேர் என்று யோசித்துப் பார்.

இனி நான் முக்கியமாக நினைப்பது. பயிற்றுநரைத் தேர்ந்தெடுப்பது நீ இல்லை, அதை ஒரு நாளும் மறக்காதே. ஆனால் தேர்ந்தெடுப்பவர்கள் கண்ணுக்கு எது படுகிறது என்பது உன் கையில். ஒரு மூத்த வழக்கறிஞர் வரிச் சட்டத்தில் புலி, வகுப்பெடுக்கச் சம்மதித்துவிட்டார். வகுப்பில் உட்காரப் போகிற நீதிபதிகளில் ஒருவர் முன் அவருடைய வழக்கு அடுத்த மாதம் வருகிறது. இது தப்பா? பல நேரம் தப்பில்லை, ஏற்பாட்டைக் கொஞ்சம் மாற்றினால் போதும். ஆனால் தேர்வுக் குழுவுக்குத் தெரியாமல் நடந்தால், பின்னால் எதிர்த் தரப்பு வக்கீல் அதை மனுவில் எழுதுவார். இன்னொன்று, ஏதோ ஒரு அரசுத் துறை, "எங்கள் புதிய சட்டத்தைப் பற்றி நாங்களே வந்து சொல்கிறோம், எங்கள் அதிகாரியை அனுப்புகிறோம், சாப்பாட்டுச் செலவும் எங்களுடையது" என்று அன்பாகக் கடிதம் எழுதும். அந்த அன்பில் ஒரு கொக்கி இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அதை எடை போடுவது நீதிபதிகள் வேலை. நீ கடிதத்தைப் பதிவேட்டில் ஏற்றி, தேதி போட்டு, "துறை செலவேற்க முன்வருகிறது" என்று ஒரு வரி எழுதி மேலே அனுப்பு. பதில் போடாதே, நன்றி என்றுகூடப் போடாதே. நன்றி என்று போட்டால் அவர்கள் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்கள். அனுபவத்தில் சொல்கிறேன்.

பணம். பணியில் இருக்கும் நீதிபதி வேறு லாபம் தரும் பதவி வகிக்கக் கூடாது என்பது சட்டம். அதனால் அவர்களுக்குப் பயணச் செலவும் தங்குமிடமும்தான். பணியிலிருந்து விடுபட்ட நீதிபதிகளைச் சேவைக்கு அழைக்க 2001ஆம் ஆண்டின் 47ஆம் எண் சட்டத்தில் வழி இருக்கிறது. வெளியாட்களுக்கு மதிப்பூதியம் என்றால் கதை நீளும். கருவூலத்தின் மத்திய வழங்குநர் பதிவேட்டில் அவர் பெயர் இருக்க வேண்டும், வரி நிலைக்கான பின் (PIN) நம்பர் வேண்டும், வேலைக்கு முன்பே ஒப்புதல் வேண்டும். பில் வந்தால் 30 நாளுக்குள் கட்ட வேண்டும். நிர்வாகச் சட்டத்தில் வகுப்பெடுக்க வந்த ஒரு பேராசிரியர் அந்தப் பதிவேட்டுப் படிவத்தில் நான்கு நாள் மல்லுக்கட்டித் தோற்றார். கடைசியில் ஒரு மாலை போனில் அவர் தன் வீட்டுச் சமையலறையிலும் நான் என் மேசையிலும் உட்கார்ந்து, கட்டம் கட்டமாக நிரப்பினோம். நடுவில் அவர் அடுப்பில் பருப்பு அடிப்பிடித்துவிட்டது. அவர் மறுபடி மறுபடி நமக்கு வந்ததற்கு அந்த மாலைதான் காரணம் என்று நினைக்கிறேன். ஊதியம் ஒன்றும் பெரிதில்லை.

வகுப்பு முடிந்ததும் பின்னூட்டத் தாள் வாங்குவாய். நீதிபதிகள் மரியாதைக்காரர்கள், எல்லாக் கட்டத்திலும் "மிக நன்று" என்று டிக் போட்டுவிடுவார்கள். உண்மை டீ இடைவேளையில் வெளியே வரும். "இவர் தன் தீர்ப்புகளையே படித்துக் காட்டிக்கொண்டிருக்கிறார்" என்று ஒருவர் சமோசாவோடு சொல்லிவிட்டுப் போவார். அதை எழுதி வைக்கலாமா? வைக்கக் கூடாது என்பது என் கட்சி. ஒருங்கிணைப்பாளரிடம் வாயால் சொல். அவர் அடுத்த தடவை தாளில் ஒரு நேரடிக் கேள்வி சேர்த்து முறையாக வாங்கிக்கொள்வார்.

சட்டம் படிக்காதவள் போகலாமா என்றாய். தாராளமாகப் போகலாம், விளம்பரத்தில் அவர்கள் கேட்பது உன் டிப்ளமாவும் அனுபவமும்தான். வக்கீல் அலுவலகத்தில் இரண்டு வருடம் இருந்ததால் உனக்கு நீதிமன்றப் பட்டியல், தள்ளிவைப்பு, தற்காலிக நீதிபதி என்பதெல்லாம் ஏற்கெனவே காதில் விழுந்திருக்கும். அதுவே பாதி மூலதனம். வாங்க வேண்டிய பழக்கம் அழைக்கும் முறை. மாஜிஸ்திரேட்டை எப்படி விளிப்பது, நீதிபதிக்கு எப்படிக் கடிதம் தொடங்குவது, பட்டியலில் யார் பெயர் முதலில் வர வேண்டும் என்பது. பணி மூப்பை விட்டு அகரவரிசையில் பெயர் போட்டு ஒரு தடவை அனுப்பினேன். எங்கள் பிரிவுத் தலைவி எதுவும் சொல்லாமல், சிவப்பு பேனாவால் வரிசை எண்களை மட்டும் மாற்றித் திருப்பிக் கொடுத்தார்.

இந்த வேலையால் யாருக்கு என்ன பயன் என்று சலிப்பு வரும் நாளும் இருக்கும். அன்றைக்கு இதை நினைத்துக்கொள். பாகுபாட்டுப் புகார்களை விசாரிக்கும் சமத்துவ நீதிமன்றத்தில் உட்காருபவர், அதற்கான பயிற்சியை முடித்திருக்க வேண்டும் என்று 2000ஆம் ஆண்டின் 4ஆம் எண் சட்டமே சொல்கிறது. பயிற்றுநர் கிடைக்காமல் வகுப்பு ரத்தானால் அந்தப் பயிற்சி முடித்தவர்களின் பட்டியல் நீளாது. வெருலத்திலோ சாட்ஸ்வொர்த்திலோ புகார் கொடுத்தவர் காத்திருப்பார். தான் எதற்குக் காத்திருக்கிறோம் என்பதுகூட அவருக்குத் தெரியாது.

மிட்ராண்ட் என்றால் டர்பனிலிருந்து கிட்டத்தட்ட 600 கிலோமீட்டர். அம்மா அதற்குத்தான் டைப்பிங் வேலை என்று முகம் சுளிக்கிறார் என்பது என் ஊகம். அங்கேயும் நம் ஆட்கள் இருக்கிறார்கள். ஜோகன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய, பிரிட்டோரியா மராபாஸ்டாட்டில் மாரியம்மன் இருக்கிறாள். அதை அம்மாவிடம் சொல்லிப் பார்.

விண்ணப்பம். அரசு வேலைக்கு விண்ணப்பிக்கும் இசட் 83 படிவம் 2021ல் மாறியது, பழையதை எங்கிருந்தோ இறக்கி நிரப்பி அனுப்பாதே. முழுச் சுயவிவரமும் படிவமும் போதும், சான்றளித்த நகல்களைச் சுருக்கப் பட்டியலில் வந்தால்தான் கேட்பார்கள். நேர்காணலில் பாத்தோ பேலே, அதாவது 'மக்களே முதலில்' என்ற அரசுச் சேவைக் கோட்பாடுகள் எட்டையும் கேட்கலாம். எட்டையும் ஒப்பிப்பதைவிட, உன் ரிசப்ஷன் மேசையில் கோபத்தோடு வந்த ஒரு கட்சிக்காரரை எப்படிச் சமாளித்தாய் என்று ஒன்றைச் சொல். கையெழுத்து இல்லாத படிவங்களை ஒரு பெட்டி நிறையத் தள்ளிவைத்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பட்டம், அனுபவம் எல்லாம் இருந்தவர்கள், கடைசிப் பக்கத்தைப் புரட்டாதவர்கள். அனுப்புவதற்கு முன் அந்தப் பக்கத்தை ஒரு தடவை அம்மாவிடம் காட்டு.